கார்டை வைத்துச் சீட்டு பிடித்தவள்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் மதகடிப்பட்டில் என் வீட்டுக்கு வந்தபோது, "கிரெடிட் கார்டு கடனோட வர்ற பசங்களுக்கு முதல்ல என்ன சார் சொல்லணும்?" என்று கேட்டீர்கள். டீ ஆறுகிறது, குடியுங்கள் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை, உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். எங்கள் அத்தா, அதாவது அப்பா, திருக்கனூரில் துணிக்கடை வைத்திருந்தார். யாராவது புடவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால் அவர் பெருமூச்சு விடுவார். நான் பஸ் நிற்கும் இடம் வரை பின்னாலேயே போய், ஏன் வாங்கவில்லை என்று கேட்டுவிட்டு வருவேன். வட்டிக் காசு வாசற்படி ஏறக்கூடாது என்று இருந்த குடும்பம் எங்களுடையது. அதில் பிறந்துவிட்டு வங்கி வேலையில் சேர்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. இப்போது நீங்கள் ஆலோசகர்களாக உட்காரப்போகிற பாகூர் கடன் ஆலோசனை மையத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு வட்டிக்கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தாவின் சிநேகிதர்கள் என்னைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். மையத்துக்கு வருபவர்களுக்கு நான் பாய் சார்.

நான் வங்கியில் சேர்ந்த புதிதில் ஒரு மேலாளர் இருந்தார். கடன் கேட்டு யார் வந்தாலும் பேனாவைத் தொட மாட்டார். முதலில் எனக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "நீ பேனாவ எடுத்தா அவன் கணக்கு சொல்ல ஆரம்பிச்சிடுவான். கணக்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க. அது எப்படி ஆச்சுன்னு கேளு, அப்பத்தான் ஆளு தெரியும்" என்றார். இதை நான் எத்தனையோ நாள் மறந்திருக்கிறேன். மறக்காமல் இருந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்று மையத்தைப் பூட்டுகிற நேரம். சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். சோரியாங்குப்பத்துப் பெண், ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உட்காரச் சொன்னேன். உட்காராமலே கேட்டாள்.

"மனைப் பட்டாவ வெச்சா எந்த பேங்க்ல சார் வட்டி கம்மி?"

எதற்குக் கடன் என்று கேட்டேன். கார்டு கடனை அடைக்க என்றாள். பாகூரில் ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் பேசி முடித்துவிட்டாளாம். திங்கட்கிழமை காலையில் அவளுடைய அம்மா பெயரில் இருக்கும் வீட்டு மனைப் பட்டாவைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வங்கியில் இதைவிட வட்டி குறைவாகக் கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு போகலாம் என்று வந்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். தெரியாது. அம்மா வர வேண்டாம், பட்டாவும் உன் கையெழுத்தும் போதும் என்று ஃபைனான்ஸ்காரர் சொல்லிவிட்டாராம். பட்டா வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கார்டு கடன் என்று காதில் விழுந்ததும் உங்கள் மனசில் ஒரு உருவம் வருகிறது இல்லையா? புது போன், பைக், வாரக் கடைசியில் கடற்கரைப் பக்கம் சுற்றல், ஆன்லைனில் வாங்கிய செருப்பு. எனக்கும் அதுதான் வந்தது. செலவைக் குறைப்பது எப்படி என்று நாம் வைத்திருக்கிற பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் மேசைமேல் வைத்த போனைப் பார்த்தேன். மூலை உடைந்த பழைய போன். காதில் சின்னத் தோடு. இந்தப் பெண் கார்டில் என்னதான் வாங்கியிருப்பாள்? என் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. சாவியை மறுபடி மேசையில் வைத்தேன்.

கட்டிய விவரத்தைப் போனில் எடுத்துக் காட்டச் சொன்னேன். பார்த்தால் இன்னும் ஆச்சரியம். ஒரே தடவை ஒரு பெரிய தொகைக்குத் தேய்த்திருக்கிறாள். அதோடு சரி, அதற்குப் பிறகு கார்டைத் தொடவே இல்லை. மாதாமாதம் கெடு தேதிக்கு முன்னால் பணம் கட்டியிருக்கிறாள். ஒரு மாதம்கூடப் பிசகவில்லை. அப்புறம் திடீரென்று நின்றுவிட்டது. மூன்று மாதமாக ஒரு பைசா இல்லை.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் இப்படி நிறுத்த மாட்டார்கள். ஒரு மாதம் பாதி கட்டுவார்கள், ஒரு மாதம் தாமதமாகக் கட்டுவார்கள், தட்டுத்தடுமாறித்தான் நிற்பார்கள். இவள் சுவிட்சை அணைத்த மாதிரி நிறுத்தியிருந்தாள். வேலை போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அது பழைய வலி.

"அப்புறம் ஏம்மா நிறுத்தின?"

இது என்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சு சார்."

"எது முடிஞ்சிடுச்சு?"

"சீட்டு."

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நீங்கள் டவுனில் வளர்ந்தவர்கள், ஏலச்சீட்டு தெரியாது என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போடுவார்கள். அவசரம் உள்ளவர் 'எனக்கு இவ்வளவு குறைத்துக் கொடுத்தால் போதும்' என்று ஏலம் கேட்டு மீதியை மொத்தமாக எடுத்துக்கொள்வார். அந்தக் குறைக்கிற தொகைக்குத் தள்ளு என்று பெயர். எடுத்தவரும் எடுக்காதவரும் இருபது மாதம் கட்ட வேண்டும். இருபதாம் மாதம் கட்டினால் சீட்டு முடிந்தது, யாருக்கும் யாரும் பாக்கி இல்லை. சுகந்தியின் அம்மா பல வருடம் இப்படிச் சீட்டு பிடித்தவர். சீட்டுக் காசில் ஒரு ரூபாய் குறைந்தது என்று தெருவில் யாரும் சொன்னது கிடையாது. முழங்கால் மோசமானதும் நிறுத்திவிட்டார்.

சுகந்திக்குக் கார்டு வந்த சமயம், கூடப் படித்த ஆறு பேருக்கு ஆளுக்கொரு பணத்தேவை. தேவகிக்குத் தையல் மிஷின். வினோத்துக்குத் தங்கையின் கல்லூரிக் கட்டணம். மற்றவர்களுக்கும் இது மாதிரிதான். இவள் கார்டை ஒரு மொபைல் கடையில் தேய்த்தாள். கடைக்காரர் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்தார். அப்படித் தேய்க்கவே கூடாது என்று நான் பிறகு வாய் வலிக்கத் திட்டினேன், அது வேறு. பணத்தை ஆறாகப் பிரித்துக் கொடுத்தாள். தனக்கென்று ஒரு ரூபாய் எடுக்கவில்லை. முதல் பில் வந்தது. அதில் மினிமம் டியூ, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது என்று ஒரு தொகை. அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து. இருபது தடவை கட்டினால் மொத்தமும் அடைந்துவிடும்.

இருபது. அவள் பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்ட எண் அது. வங்கிக்காரர்களும் சீட்டுதான் நடத்துகிறார்கள் என்று அவள் முடிவு கட்டியதில் எனக்கு இன்றுவரை ஆச்சரியம் இல்லை. கடைக்காரர் பிடித்த கமிஷன்தான் தள்ளு என்று நினைத்துக்கொண்டாள். மாதாமாதம் போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் மொத்த பாக்கி என்று ஒரு பெரிய தொகை இருக்குமே, அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன் சார். சீட்டு அட்டையில மேல சீட்டுத் தொகைய எழுதியிருப்பாங்க இல்ல, அந்த மாரி நெனச்சிக்கினேன்."

ஆறு பேரும் அவளை நம்பினார்கள். ஏலம் இல்லை, குலுக்கல் இல்லை, எல்லாருமே முதல் மாதம் எடுத்துக்கொள்கிற சீட்டு. இப்படி ஒரு சீட்டைத் தெருவில் யாரும் கண்டதில்லை. மாதம் ஐந்தாம் தேதி சாயங்காலம் ஆறு பேரும் அவள் வீட்டுக்கு வந்து பணம் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அம்மா சீட்டை விட்ட பிறகு வீட்டுக்கு ஆள் வருவதே நின்றுபோயிருந்ததாம். தனக்கு ஒரு லாபமும் இல்லாத வேலையை இவள் ஏன் செய்தாள் என்று எனக்கு அதுவரை பிடிபடவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. மறுபடி சொல்கிறேன், பேனாவை எடுத்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

இருபதாம் மாதம் கட்டியதும் கார்டை இரண்டாக வெட்டிப் போட்டாள். சீட்டு முடியும்போது பிடித்தவர் எல்லாருக்கும் ஒரு பாத்திரம் கொடுப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். சம்பளத்திலிருந்து ஆறு எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அடுத்த மாதம் வங்கியிலிருந்து போன் வந்தது. மொத்தக் கடனில் முக்கால்வாசி அப்படியே நிற்கிறது என்றார்கள். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வசூல்காரன் ஒருவன் தெருவுக்கே ஆள் அனுப்புவோம் என்று மிரட்டியதும் பட்டா ஞாபகம் வந்துவிட்டது. ஏன் கட்டுகிறோம் என்று தெரியாமலே வீட்டை அடமானம் வைக்கக் கிளம்பியிருந்தாள்.

எங்கே தப்பு என்று என்னிடம் கேட்டாள். நான் சதவிகிதம், கூட்டுவட்டி, வரி என்று ஆரம்பிக்கவில்லை. உங்களையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஆரம்பிக்காதீர்கள். அவளுக்குத் தெரிந்த வார்த்தையிலேயே சொன்னேன்.

"உங்க அம்மா சீட்டுல தள்ளு ஒரே ஒரு தடவைதான். பேங்க்ல மாசாமாசம் தள்ளு. நீ அஞ்சு குடுத்தா நாலு தள்ளுக்குப் போயிடும். ஒண்ணுதான் கடன்ல கழியும்."

"மாசாமாசமா?" என்றாள். அவளுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். வங்கியிடம் பேசினால் நிற்கிற பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருவார்கள், பட்டா தேவைப்படாது. ஆனால் அந்தத் தவணையை அவள் சம்பளம் மட்டும் தாங்காது. ஆறு பேரும் தங்கள் பங்கைப் போட்டால் தாங்கும். அவர்களைக் கூப்பிட்டுச் சொல் என்றேன். முடியாது என்றாள். சீட்டு முடிந்தது என்று சொல்லி டப்பாவும் கொடுத்த பிறகு, இன்னும் முடியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? நான் விடவில்லை. அப்போதுதான் அதைச் சொன்னாள்.

"வூடு போனா போவட்டும் சார். எங்க அம்மாகிட்ட ஒருத்தர் கூட கணக்கு கேட்டதில்ல. அந்தப் பேரு போச்சுன்னா நாங்க எங்க சார் போறது?"

நம் வேலையில் ஒரு விதி இருக்கிறது, உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வழிகளைக் காட்டலாம், முடிவு அவர்களுடையது. நல்ல விதிதான். அன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதோ இன்னும் ஒரு நாள் போனால் ஒரு வீடு கைமாறப் பார்க்கிறது, நான் துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்புவதா? அதே சமயம், என் பேச்சைக் கேட்டு அவள் தெருவில் தலைகுனிந்து நின்றால் பக்கத்தில் நிற்கப்போவது நானா? யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சொல்ல உரிமை இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"வூடு போனா போவட்டும்னு நீ சொல்லக் கூடாதும்மா. அது உங்க அம்மா வூடு. அவங்க சொல்லணும்."

எழுந்து போய்விட்டாள். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது. வீட்டில் என் மனைவி, யார் வீட்டுக் கவலையை இன்று கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்றாள். பயமாகத்தான் இருந்தது. அவள் நேராகத் திங்கட்கிழமை ஃபைனான்ஸ்காரரிடம் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே போன் செய்தாள். அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அம்மா திட்டவில்லையாம், அழவும் இல்லையாம். பட்டா பெட்டியிலேயே இருக்கட்டும் என்றாராம். சீட்டில் பிசகு வந்தால் பிடித்தவர் போனில் சொல்லக் கூடாது, வீடு வீடாகப் போய் நின்று கூப்பிட வேண்டும். அதனால் ஆறு வீட்டுக்கும் நடந்து போய்க் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். நானும் வந்து உட்கார்ந்தால் தெம்பாக இருக்கும் என்றாள்.

சாயங்காலம் போனேன். ஷீட் போட்ட முன்னறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆறு பேரும் வந்திருந்தார்கள். ஏதோ நல்ல சேதி என்று நினைத்து ஒருத்தி மிக்சர் பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். சுகந்தி நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. சீட்டு முடியவில்லை, நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், இன்னும் இவ்வளவு நிற்கிறது என்றாள். மிக்சர் பொட்டலத்தை அந்தப் பெண் மெதுவாக நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

முதலில் பேசியது வினோத். திருபுவனைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். வாட்டசாட்டமான ஆள், நல்ல குரல்.

"நாங்க இருவது மாசமும் கட்டிட்டோம். டப்பாகூட குட்த்துட்ட. இப்ப வந்து இன்னும் குடுன்னா இன்னா அர்த்தம்?"

அவன் கேட்டதில் தப்பு இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தள்ளுக் கணக்கை மறுபடி சொன்னேன். சொல்லி முடித்ததும் தேவகி, "அப்போ நான் தச்ச ஜாக்கெட்டெல்லாம் பேங்க்காரங்களுக்குத்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவளுக்குக் கோபம் சுகந்தி மேல் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வினோத் விடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். சுகந்தியைப் பார்க்காமல் அவள் அம்மாவைப் பார்த்து, உங்கள் வீட்டுச் சீட்டு என்று நம்பித்தான் சேர்ந்தேன் என்றான். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பணம் தர மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. சுகந்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதற்குத்தானா இவளைத் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

மற்ற ஐந்து பேரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதினால் நீங்கள் நம்பாதீர்கள். ஒருவன் அறுப்பு முடியட்டும் என்றான். ஒருத்தி வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றாள். முணுமுணுப்பும் சலிப்புமாகப் பேசிப் பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று முடிவாக இருட்டத் தொடங்கிவிட்டது. வினோத்தின் பங்கைத் தன் தலையில் போட்டுக்கொள்வதாகச் சுகந்தி சொன்னாள். திங்கட்கிழமை அவள் ஃபைனான்ஸ்காரரிடம் போகவில்லை. நானும் அவளும் வங்கிக்குப் போனோம். முதலில் இழுத்தார்கள். மூன்று மாதம் நின்றுபோனதைக் காட்டி முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில் தவணையாக மாற்றிக் கொடுத்தார்கள். இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள், நான் விவரிக்கவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்து, மையத்தில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் வினோத் வந்து எதிரில் உட்கார்ந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கைவிரலை நெட்டி முறித்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து இரண்டு கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தான். இரண்டிலும் அவன் பெயர்.

"அன்னிக்கு நீங்க சொன்னது எல்லாம் எனக்குப் புரிஞ்சிது சார். புரிஞ்சதாலதான் எழுந்து போயிட்டேன்."

சுகந்தியின் சீட்டு நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, இவன் இந்த இரண்டு கார்டையும் தேய்த்து, தன் தொழிற்சாலையில் அதே சீட்டை ஆரம்பித்திருக்கிறான். கூட வேலை பார்க்கிற பதினோரு பேர். எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயது. எல்லாருமே முதல் மாதம் எடுத்துக்கொண்டார்கள். ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. மாதாமாதம் சம்பளம் வந்த அன்றே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், இருபதாம் மாதம் முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டு. சோரியாங்குப்பத்தில் அன்று சுகந்தி சொன்னது தப்பு என்று அவன் சாதித்தே ஆக வேண்டியிருந்தது. அவள் சொன்னது சரி என்றால் இவன் பதினோரு பேரிடம் மாட்டிக்கொள்வான்.

எனக்குச் சிரிப்பு வந்ததா, பயம் வந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்படி இன்னும் எத்தனை தொழிற்சாலையில், எத்தனை தெருவில் இந்தச் சீட்டு ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தேன். நாணயமான பிள்ளைகள் நாணயமாக மாதாமாதம் கட்டிக்கொண்டே மூழ்குகிறார்கள். ஏமாற்றுகிறவர்களை நாம் எளிதில் கண்டுபிடித்துவிடுவோம். கெடு தவறாமல் கட்டுகிறவனை யாரும் கூப்பிட்டு ஏனப்பா என்று கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். மினிமம் டியூ என்றால் என்ன என்று நினைக்கிறாய், சொல் பார்க்கலாம் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீர்கள்.

வினோத் என்னைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டான். நீங்கள் வங்கி ஆள், நீங்கள் சொன்னால் நம்புவார்கள் என்றான். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பேச இடம் கிடைத்தால் நான் விடுகிறவனா? ஆனால் அந்தப் பதினோரு பேர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். கட்டின காசு பத்தாது, இன்னும் கொண்டா என்று வங்கிக்காரன் ஒருத்தன் வந்து நின்றால் எனக்கு என்ன தோன்றும்? வினோத்தும் வங்கியும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். என் கணக்கு வினோத்துக்குப் புரிந்தது, ஆனால் அதனால் மட்டும் அவன் நம்பவில்லை. தப்பு தன்னுடையது என்று சுகந்தியே நின்று சொன்னதால்தான் நம்பினான். நம்பியதால்தான் ஓடினான்.

சுகந்தியைக் கூப்பிடு என்றேன். அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றான். நான் அவளுக்குப் போன் போட மாட்டேன், நீயே வீட்டுக்குப் போய் நின்று கூப்பிடு, அவள் வருவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. தன் தெருவில் ஆறு பேருக்கு முன்னால் நிற்கப் பயந்து வீட்டையே விடத் துணிந்தவள். முகம் தெரியாத பதினோரு பேருக்கு முன்னால், அதுவும் தன் அம்மாவைச் சொன்னவனுக்காக, ஏன் வர வேண்டும்? வராவிட்டால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு நானும் போனேன். என் மூக்கு என்னை வீட்டில் இருக்க விடவில்லை. தொழிற்சாலைக்கு எதிரில் ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு வேப்பமரம். பையன்கள் நீலச் சட்டையோடு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். வினோத் முகம் வெளுத்துப் போய் நின்றான். நான் டீயை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். பஸ்ஸிலிருந்து சுகந்தி இறங்கினாள். மருத்துவமனையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. நேராக அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

ஒரு பெண் வந்து நின்றதும் பையன்களுக்குச் சந்தேகம். ஒருவன் வினோத்தைப் பார்த்து, யாருண்ணே இது, பேங்க்கா என்றான். வினோத் வாயைத் திறக்கப் போனான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"பேங்க் இல்லப்பா. என் பேரு சுகந்தி, சோரியாங்குப்பம். இந்தச் சீட்ட மொதமொத ஆரம்பிச்சது நான்தான். தப்பா ஆரம்பிச்சிட்டேன். உக்காருங்க, சொல்றேன்."